'விட்டிட்டு வந்திட்டமே...': குடும்பத்தைக் காப்பாற்றக் கடல் கடந்த ஈழத்தமிழர்களை விடாத குற்ற உணர்வு, சட்டத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

2025 மே மாதம் 1ஆம் தேதி 'டூரிஸ்ட் ஃபேமிலி' படம் வெளியானது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல், இரண்டு மகன்களோடு படகேறி ராமேஸ்வரம் வந்து இறங்கும் ஒரு தம்பதியின் கதை. தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள், கண் கலங்கினார்கள். படம் பெரிய ஹிட்.

அதே மே 19ஆம் தேதி, இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், உலகம் முழுவதும் இருந்து வருகிற அகதிகளுக்கு இடம் கொடுக்க இந்தியா என்ன தர்மசாலையா என்று கேட்டது. ஏற்கெனவே 140 கோடிப் பேரோடு நாடு திணறுகிறது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

அதே மாதக் கடைசியில், ஐ.நா. அகதிகள் முகமையின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு முதியவர், யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். என்ன குற்றம்? போர்க்காலத்தில் முறையான ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியது.

மூன்றும் ஒரே மாதத்தில் நடந்தவை. திரையில் அவர்கள் நம் வீட்டு மனிதர்கள். டெல்லியில் 'ஏன் வந்தீர்கள்?' என்ற கேள்வி. பலாலியில் 'ஏன் போனீர்கள்?' என்ற வழக்கு.

இந்த இரண்டு கேள்விகளையும் அரசாங்கங்கள் கேட்பதற்கு முன்பே, அந்த மனிதர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் பல வருஷமாக. பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்ற வெளியேறிய ஒருவருக்கு ஏன் குற்ற உணர்வு வர வேண்டும்? அது ஏன் 40 வருஷமானாலும் ஆறுவதில்லை? இதில் சட்டத்தின் பங்கு என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

- 1983 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்தார்கள். இன்று முகாம்களிலும் வெளியிலுமாகச் சுமார் 90 ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.
- 'நீங்கள் வெளியேறியது நியாயம்தான்' என்று சொல்லும் சட்டம் இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை.
- 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. தண்டனை பயம் குறைந்தது. குடியுரிமைக் கேள்வி அப்படியே இருக்கிறது.

யார் இவர்கள்? எப்போது வந்தார்கள்?

1983 ஜூலையில் கொழும்பு உள்ளிட்ட இடங்களில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை, அதாவது 'கறுப்பு ஜூலை'. அதற்குப் பிறகுதான் படகுகள் வரத் தொடங்கின. வந்தவர்களை நான்கு அலைகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்:

- முதல் அலை (1983–1987): சுமார் 1.34 லட்சம் பேர்.
- இரண்டாம் அலை (1989–1991): சுமார் 1.22 லட்சம் பேர். இந்திய அமைதிப்படை வெளியேறிய பிறகு 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த காலம் இது.
- மூன்றாம் அலை (1990-களின் பிற்பாதி முதல்): 20 ஆயிரத்துக்கும் மேல்.
- நான்காம் அலை (2006–2010): மீண்டும் 20 ஆயிரத்துக்கும் மேல். கடைசிக்கட்டப் போரில் தப்பி வந்தவர்கள்.

இதற்குப் பிறகு 2022 மார்ச் முதல் ஒரு சின்ன அலை வந்தது. அரிசி, பால்மா, எரிவாயு எதுவும் கட்டுப்படியாகாத விலைக்குப் போன பொருளாதார நெருக்கடியில் 200-க்கும் மேற்பட்டவர்கள் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் பல படகோட்டிகள் கரை வரைக்கும் வருவதில்லை. நடுவில் இருக்கும் மணல் திட்டுகளில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கே கைக்குழந்தைகளோடு தண்ணீர்கூட இல்லாமல் காத்திருந்து, மீனவர்களோ கடலோரக் காவல் படையோ பார்த்து மீட்டு வந்த கதைகள் ராமேஸ்வரத்துச் செய்தியாளர்களுக்குப் பழகிப்போனவை.

வந்தவர்கள் முதலில் போய்ச் சேரும் இடம் மண்டபம் முகாம். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்த இடம் அது. போகும்போது நின்ற அதே இடத்தில் சில குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து நின்றார்கள் என்பது வரலாற்றின் விநோதம்.

வெளியேறுவது அவ்வளவு கஷ்டமான முடிவா?

'உயிருக்கு ஆபத்துன்னா கிளம்ப வேண்டியதுதானே, இதுல யோசிக்க என்ன இருக்கு?' என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அங்கே நிலைமை அப்படி இல்லை. யார் போவது, யாரை விடுவது என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் போடப்பட்டது.

முதல் கணக்கு, படகுக் கூலி. ஒரு தலைக்கு இவ்வளவு என்று பணம் கேட்பார்கள். இருக்கிற நகையை விற்றால் மூன்று பேருக்குத்தான் வரும் என்றால், வீட்டில் ஆறு பேர் இருந்தால் என்ன செய்வது? பெரும்பாலும் வயதுப் பிள்ளைகளும் சின்னக் குழந்தைகளும் முதலில் ஏறினார்கள். வயதானவர்கள் 'நாங்கள் பிறகு வாறம்' என்று சொல்லி நின்றுவிட்டார்கள். அந்தப் 'பிறகு' பல வீடுகளுக்கு வரவே இல்லை.

இரண்டாவது கணக்கு, பிணை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலிருந்து வெளியேற 'பாஸ்' வேண்டும். மருத்துவத்துக்கோ வேறு அவசரத்துக்கோ பாஸ் கேட்டால், திரும்பி வருவதற்கு உத்தரவாதமாகக் குடும்பத்தில் ஒருவரை விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை இருந்ததை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. அதாவது, ஒருவர் தப்பித்துவிட்டால் அதற்கு இன்னொருவர் பொறுப்பு.

மூன்றாவது கணக்கு, வயது. 2006-க்குப் பிறகு வன்னியில் 'வீட்டுக்கு ஒருவர்' என்று புலிகள் கட்டாய ஆள்சேர்ப்பை இறுக்கினார்கள். மறுபக்கம், அரசப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களில் வெள்ளை வேன் கடத்தல்களும், சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டு போனவர்கள் காணாமல் போவதும் நடந்தன. பதினாறு, பதினேழு வயதில் பிள்ளை இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆபத்து. அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர்களுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளை கிளம்பவில்லை என்பதும் தெரியும்.

பிறகு 2009 வந்தது. முள்ளிவாய்க்காலை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போன அந்த நிலத்துண்டில் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் சிக்கிக்கொண்டார்கள் என்கிறது ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. அரசே அறிவித்த 'பாதுகாப்பு வலய'ங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் ராணுவம் ஷெல் அடித்தது, வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள் என்று இரண்டு தரப்பையும் அந்த அறிக்கை குற்றம்சாட்டியது. 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றும் சொன்னது.

2008-லோ அதற்கு முன்போ வெளியேறியவர்கள் இதையெல்லாம் தமிழ்நாட்டு முகாம்களில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்கள். குற்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

உளவியல் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது?

'உயிர் பிழைத்தவரின் குற்ற உணர்வு' என்கிறார்கள். நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பிய யூதர்களிடம் 1960-களில் இதைக் கவனித்து விரிவாக எழுதியவர் வில்லியம் நீடர்லாண்ட். அவரும் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்த மனநல மருத்துவர்தான். 'எல்லாரும் செத்துப்போனபோது நான் மட்டும் ஏன் இருக்கிறேன்?' என்ற கேள்வி தன்னிடம் வந்தவர்களை விடவே இல்லை என்பது அவர் கண்டது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பின் அறிகுறிகளில் ஒன்றாக இது இடம்பிடித்தது.

ஈழத்தில் இதைப் பற்றி அதிகம் பேசியவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம். அங்கே 'மனவடு' என்ற நல்ல தமிழ்ச் சொல் புழக்கத்தில் இருக்கிறது. காயம் ஆறினாலும் வடு இருக்கும், இல்லையா? அதுதான். போர் ஒரு தனி ஆளின் மனதை மட்டும் கெடுப்பதில்லை. குடும்பம், ஊர், ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை என எல்லாவற்றையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்பது அவருடைய முக்கியமான வாதம்.

இன்னொரு கருத்தும் இங்கே பொருந்தும். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் சொன்ன 'முடிவு தெரியாத இழப்பு'. இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அழலாம், காரியம் செய்யலாம், திவசம் கொடுக்கலாம். இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியாவிட்டால்? 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் வடக்கு, கிழக்கு முழுவதும் பரவி வருஷக்கணக்கில் நீடிக்கிறது. பிள்ளையின் போட்டோவைக் கையில் வைத்தபடியே இறந்துபோன அம்மா, அப்பாக்கள் அதில் நிறையப் பேர். அங்கே போட்டோவோடு உட்கார்ந்திருப்பவரின் அண்ணனோ தங்கையோ இங்கே ஏதோ ஒரு முகாமில் இருக்கலாம். 'நான் இருந்திருந்தா தேடியாவது இருப்பனே' என்ற நினைப்பு அவர்களுக்கு வராமல் இருக்குமா?

தப்பே செய்யாதவருக்கு எதற்குக் குற்ற உணர்வு?

நாம் பொதுவாக என்ன ஆறுதல் சொல்வோம்? 'உங்க மேல தப்பில்லை, விடுங்க.' இந்த ஆறுதல் பல நேரம் வேலை செய்யாது. காரணம் எளிமையானது. அவர்கள் செய்தது தப்பு என்று அவர்களே நினைக்கவில்லை. மறுபடியும் அதே ராத்திரி வந்தால் மறுபடியும் அதே படகில்தான் ஏறுவார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவது கடமை. வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் கடமை. ஒன்றை நிறைவேற்றினால் இன்னொன்று உடையும் என்ற நிலையில் கொண்டுபோய் நிறுத்தினால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பாக்கி இருக்கத்தான் செய்யும். குற்ற உணர்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தப் பாக்கியைத்தான்.

அது வெளிப்படும் விதமும் பல மாதிரி. ஊரில் சாவு விழுந்தால் போக முடியாது. அம்மாவின் கடைசி ஊர்வலத்தை வாட்ஸ்அப் வீடியோவில் பார்க்க வேண்டும். 'பாதுகாப்பாத்தானே இருக்கிறீங்கள்' என்று அங்கிருக்கும் சொந்தம் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை குத்தும். இங்கே பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டும்போது ஊரில் விட்டுவந்த பிள்ளைகளின் ஞாபகம் வரும். வெளியே இருந்து பார்த்தால், நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று தோன்றும்.

சரி, இதில் சட்டம் எங்கே வருகிறது?

'அகதி' என்ற அங்கீகாரத்தை நாம் பெரும்பாலும் சலுகையாகப் பார்க்கிறோம். ரேஷன், உதவித்தொகை, தங்க இடம். ஆனால் 1951ஆம் வருஷ ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால், அது அடிப்படையில் ஒரு தீர்ப்பு. 'நியாயமான அச்சம்' காரணமாகச் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. அதாவது, ஒருவரை அகதி என்று ஒரு நாடு ஏற்கும்போது, 'நீ பயந்தது நியாயம், நீ கிளம்பியது சரி' என்று எழுத்தில் சொல்கிறது. அதே ஒப்பந்தத்தின் 31ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தெரிவிப்பவரை அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

இந்த ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அதனால் 1983-ல் வந்தவரும், இங்கேயே பிறந்த பல பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் 'வெளிநாட்டவர்'. உரிய ஆவணம் இல்லாததால் 'சட்டவிரோதக் குடியேறி'. அரசு முகாம் கொடுத்தது, அரிசி கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தது. ஆனால் 'நீ வந்தது நியாயம்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் கொடுக்கவில்லை.

இலங்கைப் பக்கம் பாருங்கள். அங்கே 1948ஆம் வருஷக் குடிவரவு, குடியகல்வுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம், விமான நிலையம் வழியாக அல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறுவது குற்றம். ஷெல்லடிக்குத் தப்பி ராத்திரி மன்னாரில் படகேறியவருக்கும் அதே சட்டம்தான். பலாலியில் அந்த முதியவரைக் கைது செய்ய அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது இதுதான்.

அங்கே போனது குற்றம், இங்கே வந்தது குற்றம். நடுவில் நிற்கும் மனிதர், தான் குற்றவாளி இல்லை என்பதைத் தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். முகாமில் அதிகாரிகள் வந்து ஆள் கணக்கெடுக்கும் 'செக்கிங்' நாளில் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும்போது அந்தச் சந்தேகம் கொஞ்சம் கூடுகிறது. 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு, அந்தக் கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்காணிப்புக்குள் வந்தபோதும் அது கூடியது.

அங்கீகாரம் கிடைத்துவிட்டால் குற்ற உணர்வு போய்விடுமா? போகாது. 2009 மே 10ஆம் தேதி டொரொண்டோவில் கார்டினர் விரைவுச்சாலையில் இறங்கி மறித்த ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் கனடாவில் முறையாகக் குடியேறியவர்கள், குடியுரிமை பெற்றவர்கள். கையில் பாஸ்போர்ட் இருந்தும் அவர்களை ரோட்டில் உட்கார வைத்ததில் 'நாங்கள் இங்கே பத்திரமாக இருக்கிறோமே' என்ற தவிப்புக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணன் பாக்கியைத் தீர்க்க ஏதாவது செய்யலாம். பணம் அனுப்பலாம், அம்மாவை அழைத்துவரலாம், செத்த வீட்டுக்கு விமானம் ஏறிப் போய்வரலாம், ஓட்டுப் போட்டு அரசியல்வாதியிடம் கேள்வி கேட்கலாம். கும்மிடிப்பூண்டியிலோ பவானிசாகரிலோ முகாமில் இருக்கும் தம்பிக்கு அதில் பலதும் முடியாது. ஊருக்குப் போனால் மறுபடி இங்கே வர வழியில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே போர். கடலில் எந்தத் திசையில் போனார்கள் என்பது மட்டும்தான் வேறு.

2025 செப்டம்பரில் என்ன மாறியது?

புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதோடு மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணையும் வெளியிட்டது. 2015 ஜனவரி 9-க்குள் இந்தியாவில் தஞ்சமடைந்து அரசிடம் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்க முடியாது.

அது என்ன தேதி என்று கேட்கிறீர்களா? இலங்கையில் மைத்திரிபால சிறிசேன அதிபராகப் பொறுப்பேற்ற நாள் அது.

இதனால் கிடைத்தது என்ன? கைது, வழக்கு என்ற பயம் குறைந்தது. 40 வருஷமாகத் தலைக்கு மேல் தொங்கிய கத்தி கொஞ்சம் விலகியது. சின்ன விஷயம் இல்லை இது.

கிடைக்காதது என்ன?

- குடியுரிமை. 2019ஆம் வருஷக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளைத்தான் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை.
- இங்கே பிறந்த பிள்ளைகளுக்கான பதில். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பால் குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை: பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றாலே கிடையாது.
- 2022-ல் வந்தவர்கள். தேதி தாண்டிவிட்டதால் அவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

உச்ச நீதிமன்றம் 'தர்மசாலை' என்று கேட்டது எந்த வழக்கில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனுதாரர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவர். தண்டனைக் காலம் முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது உத்தரவு. மனைவி, பிள்ளை இங்கே இருப்பதையும், திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்பதையும் அவர் தரப்பில் சொன்னார்கள். இந்தியாவில் குடியமரும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான் என்றது நீதிமன்றம். முகாம்களில் இருக்கும் எல்லாரையும் பற்றிய தீர்ப்பு இல்லை இது, வாய்மொழியாக எழுந்த கருத்துதான். ஆனால் செய்தி முகாம்களுக்குள் போய்ச் சேர்ந்தபோது, கேட்டவர்கள் காதில் விழுந்தது வழக்கு விவரம் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான்.

நீதிமன்ற வரலாற்றில் மறுபக்கமும் இருக்கிறது. 1992-ல் பழ.நெடுமாறன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், அகதிகளை அவர்கள் சம்மதம் இல்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு என்று, சக்மா அகதிகள் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

'போர்தான் முடிஞ்சிடுச்சே, திரும்பிப் போகலாமே?'

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. போனவர்களும் இருக்கிறார்கள். 1995 மார்ச் வரை மட்டும் 99 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். 2009-க்குப் பிறகும் ஐ.நா. முகமை உதவியோடு ஆயிரக்கணக்கில் போனார்கள். இன்னும் போக நினைப்பவர்களும் உண்டு.

தடுப்பது என்ன? முதலில் நிலம். பலாலி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் அங்கிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த அந்த நிலத்தில் ஒரு பகுதி படிப்படியாக விடுவிக்கப்பட்டது. இன்னொரு பகுதி 35 வருஷம் கழித்தும் உரியவர்கள் கைக்கு வரவில்லை. அடுத்தது பிள்ளைகள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கத்துத் தமிழ் பேசும் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் என்பது அம்மா சொல்லும் கதை.

மலையகத் தமிழர்களின் நிலை இன்னும் சிக்கல். தோட்ட வேலைக்கு இங்கிருந்து போனவர்களின் வாரிசுகள், 1948-ல் இலங்கைக் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள், பிறகு இனக்கலவரத்தில் வன்னிக்கு ஓடி, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் முகாம்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடம் 'சொந்த நாட்டுக்குப் போ' என்றால், எது அது?

பலாலிக் கைது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். திரும்பிப் போவதற்கு ஒருவர் மனதைத் தயார் செய்ய வருஷக்கணக்காகும். விட்டுவந்ததை எண்ணி உருகியவர், கடைசிக் காலத்திலாவது ஊர் மண்ணில் இருப்போம் என்று துணிந்து போகிறார். அவரைப் பிடித்து வைத்தால், அது அவரோடு நிற்காது. இங்கே இருக்கும் மற்றவர்களுக்கும் கதவைச் சாத்தியது மாதிரிதான்.

பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்?

யாருக்காகப் படகேறினார்களோ, அந்தப் பிள்ளைகள் இப்போது 30, 40 வயதில் இருக்கிறார்கள். இன்ஜினியரிங் படித்தவர்களும், நர்சிங் படித்தவர்களும் உண்டு. ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, பாஸ்போர்ட் எடுக்க முடியாது. அதனால் படித்த படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள் முகாம்களில் சகஜம்.

இங்கேதான் குற்ற உணர்வு இரண்டாவது முறை பிறக்கிறது. முதலில், விட்டுவந்தவர்களை நினைத்து. பிறகு, கூட்டிவந்தவர்களை நினைத்து. 'உயிரைக் காப்பாத்தினம், வாழ்க்கையைக் குடுக்க முடியேல்லையே' என்ற எண்ணம் பெற்றோருக்கு. 'எங்களுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க, நாங்க ஒண்ணும் ஆகலையே' என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து என்ன?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. 7,469 புது வீடுகள், உயர்த்தப்பட்ட உதவித்தொகை எல்லாம் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. வெளியேறியதைக் குற்றமாகப் பார்க்காமல் இருப்பது இலங்கை அரசின் கையில்.

செய்யக்கூடியவை எட்டாத உயரத்தில் இல்லை. போர்க்காலத்தில் வெளியேறியவர்கள் மீது குடியகல்வுச் சட்டத்தின்படி வழக்கு இல்லை என்று கொழும்பு தெளிவாகச் சட்டத்தில் சொல்லலாம். தங்க விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமைக்கான வழியை டெல்லி திறக்கலாம். செப்டம்பர் ஆணையை அதற்கு முதல் படியாக எடுத்துக்கொள்ளலாம். சாவு, நோய் போன்ற அவசரங்களுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வர ஒரு பயண ஆவணம் கொடுத்தாலே, எத்தனையோ பேர் அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நேரில் பார்த்திருப்பார்கள்.

இது எதுவும் மனவடுவை அழித்துவிடாது. யாரை ஏற்றினோம், யாரை விட்டோம் என்ற கணக்கை எந்த அரசாணையாலும் மாற்றி எழுத முடியாது. அந்தப் பாரம் அவர்களுடையது, அதை அவர்கள் சுமப்பார்கள். ஆனால் அதற்கு மேல் இன்னொரு பாரத்தை, 'நீ வந்திருக்கக் கூடாது' என்ற பாரத்தை, நாம் ஏற்ற வேண்டியதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவரிடம் 'நீ செய்தது சரிதான்' என்று சொல்ல ஒரு அரசாங்கத்துக்கு 40 வருஷம் தேவைப்படக் கூடாது.

*(மன உளைச்சல், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் போன்றவை இருந்தால் 'டெலி மனஸ்' இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.)*